குழல் தேய்ந்த விதம்

“பல்லு போயிருச்சு. அடுத்தது முழங்கால். மண்டையா, இல்லையான்னு நீ அந்தத் துப்பாக்கி பேரலப் பாத்துட்டுச் சொல்லு.”

பேசிய இளைஞன் கையில் இருந்தது ஒற்றைக்கண்ணரின் சொந்தச் சுத்தியல். அவருக்கு இரண்டு கண்ணும் நன்றாகவே தெரியும். ஒன்றை மூடிக்கொண்டு துப்பாக்கிக் குழலுக்குள் பார்த்துப் பார்த்தே வந்த பெயர் அது. இப்போது இரண்டையுமே மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவருடைய துப்பாக்கிப் பட்டறையின் நடுவில், நாற்காலியோடு சேர்த்து ஒரு விவசாயியைக் கயிற்றால் இறுக்கியிருந்தான் அந்த இளைஞன். கிழிந்த உதட்டிலிருந்து ரத்தம் நூலாக மோவாயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது.

“எங்கக்கா புருஷனைச் சுட்டுட்டான்யா இவன். கூடப் பிறந்த தம்பியை! காட்டுப்பன்னிக்கு வெச்ச குறி தப்பிருச்சாம். பேரல் தேய்ஞ்ச பழைய ரைபிளாம். போலீசும் ஆமாம் சாமி போட்டு, விபத்துன்னு முடிச்சுட்டு, துப்பாக்கியையும் திருப்பிக் குடுத்துருச்சு. அக்கா வெளியே ஜீப்புல உக்காந்திருக்கு. மாமாவைப் புதைச்சதுலருந்து வாயே தொறக்கல.”

“போலீசே பாத்துச் சொல்லிட்டாங்கன்னா...”

“இப்ப நீ பாரு. தானா தேய்ஞ்சிருந்தா நானே இவனை ஆஸ்பத்திரியில சேக்கிறேன். தேய்ச்சிருந்தா இங்கயே முடிக்கிறேன். வரப்புச் சண்டையில குடிச்சுட்டு வந்து, வாசல்ல நின்னு, ‘உன்னைச் சுட்டுப் பொசுக்கிருவேன்டா’ன்னு கத்தினவன்தானே இவன்!”

“கத்தினேன்தான்,” விவசாயி ரத்தத்தைத் துப்பினான். “ஆத்திரத்துல ஆயிரம் பேசுவேன். அவன் என் தம்பிய்யா. பன்னி அவனைக் குத்திக் கிழிக்க ஓடுச்சு. அவனைக் காப்பாத்தத்தான்...”

சுத்தியல் முழங்காலில் இறங்கியது. ஓடு நொறுங்குவது போலச் சத்தம் கேட்டது. கத்துவதற்குக்கூட விவசாயிக்கு மூச்சு வரவில்லை.

ஒற்றைக்கண்ணர் மேஜைமேல் கிடந்த ரைபிளை எடுத்தார். உள்ளே என்ன இருந்தாலும், தானாகத் தேய்ந்ததுதான் என்று சொல்லிவிட வேண்டும். ஒரு உயிரைவிட ஒரு பொய் பெரிதா என்ன? குழலின் பின்பக்கத்தை அடைத்திருந்த போல்ட்டை உருவி, கம்பி முனையில் இருந்த குட்டி விளக்கைக் குழலுக்குள் விட்டு, வழக்கம்போல ஒரு கண்ணை மூடினார்.

பாழாய்ப்போன பழக்கம். குழலுக்குள் பார்க்கும்போது தனக்குத்தானே பேசுவார் அவர். “சுட்டுச் சுட்டுத் தேய்ஞ்சிருந்தா தோட்டா போடுற பக்கம்தானே முதல்ல போகணும்? மருந்து எரியிற சூடு அங்கதானே? அங்க தோட்டாவைச் சுழட்டி நேராப் போக வைக்கிற வரியெல்லாம் புதுசாட்டம் இருக்கு. வாய்ப் பக்கம் மட்டும் ஒரு சாணுக்கு மொழுமொழுன்னு... நீட்டு நீட்டாக் கீறல்... கம்பியில துணியச் சுத்தி, என்ஜின் வால்வு தேய்க்கிற பசையத் தடவி...”

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அந்தப் பசை அண்ணன் தம்பி மோட்டார் ஷெட்டுலயே டப்பாவோட இருக்கு,” என்றான் இளைஞன், மெதுவாக. “சுட்டதுக்கு அப்புறம் தேய்ச்சானா? முன்னாடியா?”

“முன்னாடி. கீறலுக்கு மேல புகைக்கரி படிஞ்சிருக்கு. ஆனா...”

“அப்ப திட்டம் போட்டே கொன்னிருக்கான்!”

“முழுசாக் கேளுய்யா! துப்பாக்கி புழங்குறவன் எவனும் வாய்ப் பக்கமா கம்பிய விடமாட்டான். போல்ட்டைக் கழட்டிட்டுப் பின்னாலருந்துதான் விடுவான். இது போல்ட்டைக் கழட்டவே தெரியாத கை. அதுவும் போக, ஒருத்தனைச் சுடப் போறவன் தன் குறியைத் தானே கெடுத்துக்குவானா?”

“பழியத் தூக்கி பேரல் மேல போடணுமே, அதுக்குத்தான்!”

சுத்தியல் தலைக்கு மேல் போனது. ஒற்றைக்கண்ணர் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அவன் உதறிய உதறலில் அவர் நெற்றி மேஜை விளிம்பில் மோதிப் பிளந்தது. ரத்தம் வழிந்து ஒரு கண்ணை மறைக்க, மற்றொரு கண்ணால் பார்த்தார்: ஷட்டருக்கு அடியில் குனிந்து, விழுந்தடித்து உள்ளே ஓடி வந்தாள் அந்த அக்கா.

வந்த வேகத்தில் விவசாயியின் தலைமேல் தன் இரு கைகளையும் கவிழ்த்துக்கொண்டாள்.

“தள்ளிப் போக்கா! மாமாவைக் கொன்னவன் இவன்!”

அவள் தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து, ரத்தம் வழிந்த அந்த முகத்தையே பார்த்தாள். பல நாள் பேசாத தொண்டை கரகரத்தது.

“பெரியத்தான்... உள்ளதைச் சொல்லுங்க. நிஜமாவே அவரைப் பன்னி குத்த வந்துச்சா? நீங்க அவரைக் காப்பாத்தத்தான் சுட்டீங்களா?”

விவசாயி ஆமென்று தலையசைத்தான். உடைந்த முழங்காலுக்கு வராத அழுகை அவனுக்கு அப்போது வந்தது.

அவள் நாற்காலியைப் பிடித்தபடி தரையில் சரிந்தாள். இளைஞனின் கையில் சுத்தியல் அந்தரத்திலேயே நின்றது.

“இவரை விடுறா. அன்னிக்குக் கத்தினபடி இவர் சுட்டாலும் உங்க மாமா மேல படக்கூடாதுன்னு, நான்தான்டா அதைத் தேய்ச்சேன்.”