மூன்று தடவை கழற்றிய லைனர்

பிரித்துப் போட்ட பஸ் இன்ஜினுக்குள் மூன்றாம் தடவையாகப் புது ரப்பர் வளையம் மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, பிஸ்டன் ஓடும் இரும்புக் குழாயான லைனரைப் பூப்போல இறக்கினார் மெக்கானிக். சுற்றிலும் தண்ணீர் ஊற்றி, கசிகிறதா என்று பார்க்க அடியில் செய்தித்தாளும் விரித்தார். குனிந்தார். சொட்டென்று ஒரு துளி விழுந்தது.

"போச்சு! மறுபடியும் கசியுது!"

"நான் பார்த்தப்ப காய்ஞ்சுதானே கிடந்துச்சு மாமா?" என்றான் பஸ்ஸின் சொந்தக்காரனான மச்சினன். விடிந்தால் வண்டி ஓடியாக வேண்டும். "மேல ஊத்தின தண்ணியும் துளிகூடக் குறையலையே!"

"முப்பது வருஷமா இந்த வேலையில கிடக்கேன். எனக்கே பாடம் எடுக்கிறியா? கழட்டுடா!"

டீயோடு வந்த மனைவி அவரையே உற்றுப் பார்த்தாள். டம்ளரை வைத்துவிட்டு, அவர் தோளில் கிடந்த துண்டை உருவி, வழுக்கைத் தலையையும் மூக்கு நுனியையும் அழுந்தத் துடைத்தாள்.

"இப்பக் குனிஞ்சு பாருங்க."

பார்த்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை. மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இன்ஜினை விட்டுடுங்க, அது நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவள். "மிச்சமிருக்கிற வளையத்தை உங்க மண்டைக்கு மாட்டுங்க!"