எதிர்பார்க்கப்படும் பிழை

கரும்பலகையில் அரை என்று எழுதினேன். பக்கத்தில் கூட்டல் குறி. அதன் பக்கத்தில் மூன்றில் ஒன்று.

பன்னிரண்டாவது நிமிடம். என் லெசன் பிளானில் இந்த இடத்துக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தேன்.

கடைசி வரிசையில், பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார் எக்ஸ்டர்னல். எனக்கு மதிப்பெண் போட வேறு கல்லூரியிலிருந்து வந்தவர். மடியில் என் பிளான், அதன்மேல் அவருடைய தாள்.

போன வருடம் வந்தவர் என்னை ஃபெயில் ஆக்கினார். கேட்ட கேள்விக்கெல்லாம் வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் சரியான விடை சொன்னதுதான் குற்றம். ‘ஒரு மாணவர்கூடத் தவறவில்லை. இங்கே ஆசிரியர் கற்பித்தது என்ன?’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். ஒத்திகை பார்த்தது அப்பட்டமாகத் தெரிந்திருக்கிறது.

மருந்துக் கடையில் பதினொரு வருடம் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, முப்பத்தொன்பது வயதில் கணக்கு டீச்சராகப் படிக்க வந்தவள் நான். அம்மாவும் மகளும் ஒரே மேசையில் ஹோம்வொர்க் எழுதுகிறார்கள் என்று நாத்தனார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாயிற்று. இந்த முறையும் கோட்டை விட்டால் மறுபடி மாத்திரைதான். வீட்டுக்காரர் ‘பார்த்துக்கலாம்’ என்றார். அந்தப் பார்த்துக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

பிளானில் ‘எதிர்பார்க்கப்படும் பிழை’ என்று ஒரு கட்டம் உண்டு. இந்த முறை அதற்கும் ஆள் தயார்.

மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம். வகுப்பில் அவளுக்கு ‘அஞ்சுல ரெண்டு’ என்று பேர். மேலே இருப்பதை மேலே கூட்டுவாள், கீழே இருப்பதைக் கீழே கூட்டுவாள். அரையும் மூன்றில் ஒன்றும் அவள் கையில் எப்போதும் ஐந்தில் இரண்டாகிவிடும்.

அவள் அதைச் சொல்வாள். நான் முகம் சுளிக்காமல் நல்ல முயற்சி என்பேன். பிறகு ஆறு மடிப்புப் போட்ட காகித நாடாவை எடுத்து, பாதிக்கு மூன்று மடிப்பு, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு மடிப்பு, ஆக ஆறில் ஐந்து என்று எண்ணிக் காட்டுவேன். பிழையைத் திருத்தும் விதத்துக்கு மட்டும் இருபது மதிப்பெண்.

அவளை எழுப்பினேன்.

எழுந்தாள். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பலகையைப் பார்த்தாள்.

“ஆறுல அஞ்சு, டீச்சர்.”

“நல்ல முயற்சி,” என்றது என் வாய். “ஆனா ஒரு சின்ன தப்பு இருக்கு. எங்கன்னு பார்ப்போமா?”

நாடாவை எடுக்கக் கை பைக்குள் போய்விட்டது. அப்புறம்தான் அவள் சொன்ன விடை உறைத்தது. முன் பெஞ்சுக்காரி தன் நோட்டில் போட்டு வைத்திருந்த சரியான விடையை ரப்பரால் அழிக்க ஆரம்பித்திருந்தாள்.

ஜன்னல் ஓரத்துக்காரி இன்னும் உட்காரவில்லை. என்னைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். முகம் சுருங்கிப்போயிற்று.

“அப்போ... அஞ்சுல ரெண்டா?”

கட்டத்தில் எழுதியிருந்த அதே பிழை, அரை நிமிடம் தாமதமாக வந்து சேர்ந்துவிட்டது. நாடாவைப் பிரித்து அப்படியே மேலே போயிருக்கலாம். எக்ஸ்டர்னல் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். அவள் முதலில் சொன்னது காதில் விழுந்ததோ என்னவோ.

போக முடியவில்லை. அவள் முதலில் சொன்னதுதான் சரி, தப்பு என்னுடையது என்று வகுப்புக்குச் சொன்னேன். மடிக்காத நாடா ஒன்றை அவள் கையில் கொடுத்து, பலகைக்கு வந்து எனக்கு விளக்கச் சொன்னேன்.

வந்தாள். யாரும் சொல்லாமலே ஆறாக மடித்தாள். மூன்றை எண்ணினாள், இரண்டை எண்ணினாள், மிஞ்சிய ஒற்றை மடிப்பைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டினாள். டீச்சர் மாட்டிக்கொண்டதில் பின் பெஞ்சுக்கு ஒரே சந்தோஷம்.

எக்ஸ்டர்னல் நிறைய எழுதினார். என் மருந்துக் கடை வெள்ளை கோட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மணி அடித்ததும் என்னிடம் வந்து தாளைக் காட்டினார். இருபதுக்கு இருபது. ஆசிரியர் வேண்டுமென்றே தவறி, பிள்ளைகளை விட்டுக் கண்டுபிடிக்க வைக்கும் உத்தியை இதுவரை புத்தகத்தில்தான் படித்திருக்கிறாராம்.

“அந்தப் பொண்ணுக்கு எத்தனை நாள் சொல்லிக்கொடுத்தீங்க?”

“நாலு வாரம் சார்.”

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நாலு வாரத்தில் முப்பத்திரண்டு நோட்டுகளில் இந்தக் கணக்கைத் திருத்தியிருக்கிறேன். அவள் நோட்டு முப்பத்து மூன்றாவது. தப்பாகச் சொல்லும்படி அவளிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அவள் நோட்டில் அந்தக் கணக்கு வரும்போதெல்லாம் டிக்கும் போடாமல் இன்டுவும் போடாமல் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். அந்தத் தப்பு இன்றைய தேதி வரை கெடாமல் இருக்க வேண்டியிருந்தது.

வகுப்பு காலியான பிறகு அவள் என் மேசையருகே வந்து நின்றாள். வெட்கத்தில் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து மேசையில் வைத்தாள். உள்ளே, தினமும் பாடத்துக்காக வெட்டியது போக நான் குப்பைக்கூடையில் போட்ட துண்டு நாடாக்கள். இரண்டாக, மூன்றாக, ஆறாக மடித்து மடித்து ஓரமெல்லாம் நைந்திருந்தன.

இன்றைக்கு மிஞ்சியதையும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். நான்கில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டப் பன்னிரண்டு மடிப்பு வேண்டுமாம். இதுவரை எடுத்ததில் நீளம் போதவில்லையாம்.