பட்டுநூல் கம்மல் ஒரு ஜோடி

ஆன்லைன் கடையில் பட்டுநூல் கம்மல் வாங்கப் போனேன். பணம் கட்டும் இடத்தில் மொபைல் வாலட்டைக் காணோம். போன வாரம்வரை இருந்தது. ஓசூர் தொழிற்சாலையில் ரோபோக்களைப் பழுது பார்ப்பவன் நான். அரை நாள் மல்லுக்கட்டியும் முடியாமல், இணையதளத்தின் உதவி எண்ணை அழைத்தேன். தர்ஷினி என்ற பெண் கன்னடத்தில் தொடங்கி, என் முகவரியைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள்.

“ஆப்பை அப்டேட் பண்ணீங்களா சார்?”

“பண்ணேன். போனையே மாத்திப் பார்த்துட்டேன். இன்னைக்கே ஆர்டர் போயாகணும்.”

“ஒரு கம்மலுக்கா? வீட்டுல ரொம்பக் கண்டிப்போ?”

“ரொம்ப.”

கொஞ்ச நேரம் தேடினாள். “உங்க மேல தப்பில்ல சார். கடைக்காரங்க பேங்க் கணக்கை யாரோ போன வாரம் மூடிட்டாங்க. அதான் வாலட் போயிடுச்சு. ஓனர் பேரு வினிதா. கூப்பிட்டு நல்லா திட்டுங்க.”

அந்த யாரோ நான்தான். என் மனைவி வினிதாவின் இறப்புச் சான்றிதழைக் கொடுத்துக் கணக்கை மூடியபோது, அவள் கடையில் எது நின்றுபோகும் என்று இந்தப் பொறியாளருக்குத் தோன்றவில்லை.

“கேஷ் ஆன் டெலிவரி இருக்கு சார். அதுல போடுங்க.”

போட்டேன். கம்மலைக் கொண்டுவர வேண்டியவனும் நான், பணம் தர வேண்டியவனும் நான். சில்லறை இல்லையென்றால் சண்டை போடவும் நானேதான்.

அலமாரியில் வினிதாவின் போன் வெளிச்சமானது. ஆர்டர் வந்தால் ஒலிப்பதற்கு அவளே குரல் பதிந்து வைத்திருந்தாள்.

“ஏங்க, ஆர்டர் வந்திருக்கு. எழுந்து வாங்க.”

எழுந்து போனேன்.