வண்டியில் வந்தவளின் பாதம்

எண்ணெய் தேய்த்துவிடுகிற பெண் அவளுடைய வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க்கா, இத்தனை கொப்புளத்தை வெச்சுக்கிட்டு எப்படித்தான் நடந்தீங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

நடந்தாளாம்.

கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்த அன்றோடு இடுப்புக்குக் கீழே அவளுக்கு எல்லாம் செத்துப்போயிற்று. மூன்று வருசமாக அந்தக் கால் தரை தொட்டதில்லை. கொடுமுடியிலிருந்து இந்தத் தாராபுரத்துப் பந்தல் வரைக்கும் பேட்டரி வண்டியில் உட்கார்ந்துதான் வந்திருக்கிறாள். வண்டி பின்னால் சார்ஜில் நிற்கிறது. ஆம்பிளைகள் இரண்டு பேர் தூக்கிவந்து பாதயாத்திரைக்காரர்களோடு பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்கள்.

நீட்டியிருந்த கால்களோடு அவள் காலும் ஒரு கால்.

எண்ணெய்க்காரப் பெண் முகத்தைப் பார்க்கிறவள் இல்லை. காலைப் பார்க்கிறவள்.

நான் நடக்கலியே சாமி என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் குனிந்து பார்த்துவிட்டாள்.

பாதம் முழுக்கக் கொப்புளம். பாதி உடைந்து மண் அப்பியிருந்தது. குதிகாலில் தார்.

வலிக்கவில்லை. வலிக்க அவளுக்கு வழியில்லை.

பந்தலுக்கு வெளியே உச்சி வெயில். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை.

நடக்கிறேன் என்று வேண்டிக்கொண்டது அவள் இல்லை. அவள் புருசன் குழந்தைவேலு. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, இவள் பிழைத்தால் போதும், காவிரித் தீர்த்தம் எடுத்துப் பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடந்தே வருகிறேன் என்றான்.

இவள் பிழைத்தாள். அவன் பங்குனி வருவதற்குள் மாரடைப்பில் போய்விட்டான்.

திதிக்கு வைத்த சோற்றைக் காக்கை தொடவில்லை. மறு வருசமும் தொடவில்லை. வேண்டுதல் அப்படியே நிற்கிறது, அதுதான் ஆள் கரையேறாமல் அலைகிறான் என்று அவன் தங்கை தெய்வாத்தாள் அழுதாள்.

அப்படியானால் நான் போகிறேன் என்று இவள் கிளம்பினாள்.

தெய்வாத்தாளும் கூட நடந்தாள். அவள் வாயும் கூடவே நடந்தது.

"எங்கண்ணன் நடக்கறேன்னு சொல்லுச்சு. நீங்க சவாரி போறீங்க. முருகனுக்கென்ன கண்ணு தெரியாதுங்களா அண்ணி?"

வெள்ளகோவில் தாண்டி ஒரு காவடிக்காரன் வேறு, "ஆத்தா, பின்னால ஒரு சீட்டு போடுங்க, நானும் ஏறிக்கறேன்" என்றான். கூட்டமே சிரித்தது. இவளும் சிரித்துவைத்தாள். தீர்த்தக் குடத்தை மட்டும் மடியோடு இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொண்டாள். அது தரை தொடக்கூடாது; இங்கேகூடப் பந்தல் மூங்கிலில்தான் தொங்குகிறது.

இன்னொரு சண்டையும் நடந்துகொண்டே வந்தது. கால் நழுவாமல் இருக்க அதை மிதிகட்டையோடு சேர்த்துத் துண்டால் கட்டுவது தெய்வாத்தாள் வேலை. கொஞ்ச தூரம் போனால் முடிச்சு அவிழ்ந்து கிடக்கும்.

"நல்லாத்தானே கட்டுனேன். எதுக்குங்க அவுத்தீங்க?"

இவள் அவிழ்க்கவில்லை. சொன்னால் யார் நம்புவது என்று சும்மா இருந்துவிட்டாள்.

எண்ணெய்க்காரப் பெண் ஊக்கை எடுத்து ஒரு முள்ளை நெம்பினாள். வேலிமுள். உள்ளே வெகுதூரம் ஏறியிருந்தது.

"அக்காவுக்கு நல்ல அழுத்தமான நடைங்க."

துணியை நனைத்து மண்ணைத் துடைத்தாள்.

மண் போன பிறகு கட்டைவிரல் தெரிந்தது.

நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது.

அவளுக்கு அப்படி நகம் கிடையாது.

ஆனால் அந்த நகத்தைத் தெரியும். கல்யாணமானதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பிளேடு வைத்து அதை வெட்டிவிட்டது அவள்தான். கூசுது கூசுது என்று அவன் காலை இழுத்துக்கொள்வான்.

எண்ணெய்க்காரப் பெண் காலைக் கீழே வைத்துவிட்டு அடுத்தவர் காலுக்கு நகர்ந்தாள்.

தெய்வாத்தாள் இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்தாள். "குடிங்க. பொழுதோட கெளம்போணும்" என்றவள் குனிந்தாள்.

ஒரு டம்ளர் சாய்ந்து மோர் கொட்டியது. அவள் கவனிக்கவில்லை.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையையும் எடுத்து அந்தப் பாதத்தைக் கும்பிட்டாள்.

"அண்ணா" என்றாள்.

பிறகு இவளை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"வேண்டுதல் கணக்குல வருதுங் அண்ணி. எங்கண்ணன்தான் நடக்குது. இன்னைக்கு நடந்தா நாளைக்கு மலை. தீர்த்தத்தை ஊத்திட்டா முடிஞ்சுதுங். அண்ணன் நல்லபடியாப் போயிரும்."

போயிரும்.

அதற்குத்தான் வந்தாள். அவன் போய்ச் சேரட்டும் என்றுதான் இத்தனை வெயிலிலும் வந்தாள். அவன் இங்கே, இத்தனை பக்கத்தில் இருப்பான் என்று யார் கண்டது.

ஆம்பிளைகள் இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"சார்ஜ் ஏறிருச்சுங் ஆத்தா. தூக்கிரலாமா?"

"நான் இங்கியே இருந்துக்கறேன்."

"என்னங் அண்ணி பேச்சு இது?" தெய்வாத்தாள் பதறினாள். "இத்தனை தூரம் வந்துட்டு?"

இவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெஞ்சுக்கு அடியில் பாதம் இரண்டும் மெல்லத் திரும்பின. பழனி ரோட்டுப் பக்கம்.

அவள் சட்டென்று குனிந்து, கணுக்கால் இரண்டையும் கையால் பிடித்துக்கொண்டாள்.

இறுக்கிப் பிடித்தாள்.

இரண்டு கை போதவில்லை.