நடக்கும் பொடுகு

டாக்டர் செல்லோ டேப்பை போட்போட் என்ற நாயின் முதுகில் ஒட்டி, விரலால் அழுத்தி, மெல்ல உரித்தெடுத்தார்.

டேப் முழுக்க வெள்ளைச் செதில்கள்.

நெஸ்டர் எட்டிப் பார்த்தார். பதினோரு மணிக்கு குய்மாராஸ் தீவுக்குப் படகு. துறையில் அவர் தம்பி காத்திருந்தான். இந்த டாக்டரும் கையை விரித்துவிட்டால், முழங்கால் உயரம்கூட இல்லாத இந்த நாய் அவனோடு தீவுக்குப் போய்விடும்.

நெஸ்டர் சலவை இயந்திரம் பழுதுபார்ப்பவர். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும், இரண்டை ஒன்றாக மாற்றினால் கோளாறு எதில் இருந்தது என்று கடைசிவரை தெரியாது என்பார். போட்போட் விஷயத்திலும் அப்படித்தான் செய்தார்.

முதலில் சோப்பை மாற்றினார். மனிதர் போடும் சோப்பு நாயின் தோலை வறட்டிவிடும். மூன்று வாரம் பொறுத்தார். அடியில் பிறக்கும் புதுத்தோல் மேலே வந்து சேர அவ்வளவு நாள் பிடிக்கும். அடுத்து, குளியலைக் குறைத்தார். இன்னொரு மூன்று வாரம். அதற்கப்புறம் சோற்றில் மத்தி மீன். கடைசியாக, மின்விசிறிக் காற்று நேராகப் படாத மூலைக்கு அது படுக்கும் சாக்கை நகர்த்திப் போட்டார்.

பன்னிரண்டு வாரம் போனது. செதில் கொட்டுவது நிற்கவில்லை.

"போற இடமெல்லாம் பிஸ்கோச்சோ ரொட்டி மாதிரி உதிருது. இத்தனை நாளா என்னத்தைக் கிழிச்ச?" என்று மனைவி நெனிட்டா கேட்காத நாளில்லை.

நாய் மகள் ஜோவலினுடையது. எட்டு மாதத்துக்கு முன்னால், பெட்டி கட்டும் நாள்வரை அம்மாவிடம் மூச்சுவிடாமல், துபாய்க்கு வேலைக்குப் போனவள். ஞாயிறுதோறும் நெஸ்டர் மகளிடம் பேசிவிட்டு வந்து, அவள் எப்படி இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தால், நெனிட்டா சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, கழுவி வைத்த தட்டையே மறுபடியும் கழுவுவாள்.

மகள் விட்டுப்போன நாயும் அவளுக்குக் கண்ணில் விழுந்த தூசுதான் என்று நெஸ்டர் முடிவு கட்டினார். தம்பிக்குச் சொல்லி அனுப்பியது அதனால்தான்.

"உன் இஷ்டம்" என்றாள் நெனிட்டா. துறையில் மீன் வாங்க வேண்டும் என்று கூடவே கிளம்பியும் வந்தாள். இப்போது கதவோரத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்தார். "வாங்க சார். கொஞ்ச நேரம் விடாம பாருங்க."

நெஸ்டர் பார்த்தார். செதில், செதில், செதில். அதில் ஒன்று நகர்ந்தது.

அதற்கு அடியில் எட்டுக் கால்கள். பூச்சி செதிலுக்குக் கீழே புகுந்து, அதை முதுகில் சுமந்துகொண்டு போகிறது. மேலேயிருந்து பார்க்கிறவனுக்குப் பொடுகே நடக்கிற மாதிரி தெரிகிறது.

படகு, தம்பி எல்லாம் அவருக்கு ஒரு கணம் மறந்துபோயிற்று. "நெனிட்டா, ஓடி வா! பொடுகு நடக்குது!"

"நடக்கட்டும். நீயே பாத்துக்கோ."

"இதுக்கு மருந்து இருக்கு சார்" என்றார் டாக்டர். "கழுத்துக்குப் பின்னாடி சொட்டு விடணும். முட்டை முடியில ஒட்டியிருக்கும், அதெல்லாம் பொரிஞ்சு வந்து சாகுற வரைக்கும் விடணும். ஆறு வாரம் ஆகும். ஆனா இது தானா முளைக்காது. இன்னொரு நாய்கிட்டேருந்துதான் ஒட்டியிருக்கு. எந்த நாயோட பழகுது?"

"எந்த நாயோடவும் இல்ல டாக்டர். இது எங்க கேட்டைத் தாண்டினதே இல்ல."

"அப்ப கஷ்டம்தான். எங்கேருந்து வருதுன்னு தெரியாம எத்தனை தடவை மருந்து விட்டாலும் திரும்ப வந்துடும்."

அது நெஸ்டருக்கு நன்றாகவே புரிந்தது. தண்ணீர் எங்கே கசிகிறது என்று பார்க்காமல் மோட்டாரை மட்டும் மாற்றினால், புது மோட்டாரும் எரிந்துபோகும்.

தம்பியைக் கூப்பிடப் போனை எடுத்தார்.

"ஊர் நடுவுல, பிளாசா மைதானத்துல திரியுற நாய்ங்க" என்றது நாற்காலி.

இருவரும் திரும்பினார்கள்.

நெனிட்டா டாக்டரிடம்தான் சொன்னாள். கணவர் பக்கம் பார்வை போகவில்லை. "தினம் நாலு மணிக்குத் தூக்கிட்டுப் போவேன். வீட்டுல சிக்னல் இல்ல. துபாய்ல அப்பத்தான் சாப்பாட்டு நேரம். நான் ஒண்ணும் பேசறதில்ல டாக்டர். போனுக்கு முன்னால இதைத் தூக்கிப் பிடிப்பேன், அவ்வளவுதான். அவ இதுகிட்ட பேசிக்குவா."

நாலு மணிக்கு நெஸ்டர் யார் வீட்டிலாவது இயந்திரத்துக்கு அடியில் படுத்திருப்பார்.

டாக்டர் சீட்டில் மருந்தை எழுதினார். "இனிமே பிளாசா கூடாது மேம். ஆறு வாரம்."

நெனிட்டா எழுந்தாள். எங்கே போவது என்று தெரியாதவள்போல நின்றாள்.

நெஸ்டர் போனைச் சட்டைப்பையில் போட்டார். எட்டு மாதமாக அவளிடம் கேட்க நினைத்தது எவ்வளவோ இருந்தது. ஆனால் வாயில் வந்தது விளக்கம்தான்.

"பின்னாடி சேவல் கூண்டு இருக்கில்ல, அங்க நின்னு பாரு. வீட்டுக்குள்ள தகரக் கூரை சிக்னலைத் தடுத்துடுது. கூண்டுகிட்ட கூரை முடிஞ்சுடும். நான் அங்கதான் நின்னு பேசுவேன்."

நெனிட்டா மேசைக்கு வந்தாள். நாயைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"கூண்டுக்கு எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டாள்.