ஏழாம் நம்பர் சீட்

"என்னய்யா வேலை பாக்குற? ஒரே வருஷத்துல மூணாவது தடவை சீட் குழி விழுந்துடுச்சு!"

மேனேஜர் போட்ட சத்தத்தில் குஷன்காரருக்கு முகம் செத்துப்போனது. படகு கம்பெனி ஆபீஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடியில நல்ல பட்டைதான் சார் போட்டேன். யானையே உக்காந்தாலும் அசையாது."

"யானை உக்காரலய்யா, மனுஷன்தான் உக்காந்தான். ஏழாம் நம்பர் சீட்ல உக்காந்தா முட்டி தாடையில இடிக்குதாம். புகார்ப் பெட்டி நிரம்பி வழியுது. இன்னைக்குச் சாயங்காலம் பிரிச்சுப் பாரு. காலையில வந்து என்ன கோளாறுன்னு சொல்லு. உன் வேலைதான் மட்டம்னா, புதுப் படகுக்குத் தைக்க வேண்டிய நாப்பது சீட்டும் வேற ஆளுக்குப் போயிடும்."

அந்த நாற்பது சீட்டை நம்பித்தான் குஷன்காரர் கடையை இழுத்து மூடாமல் வைத்திருந்தார். "அதுவும் கைவிட்டுப் போச்சுன்னா தையல் மெஷினை முறைச்சுப் பாத்துக்கிட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான்" என்று மனைவி காலையில்தான் புலம்பியிருந்தாள்.

கடைக்கு அவர் தினமும் வருவதும் அதே படகில்தான். முதல் துறையிலேயே ஏறி, ஓரமாக ஒரு சீட்டைப் பிடித்து, கண்ணை மூடிக்கொள்வார். வருஷக்கணக்கான பழக்கம். இப்போது அதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. கண்ணைத் திறந்தால் போதும், "யோவ், நீ தைச்ச சீட்ல நீயே உக்காரேன்யா!" என்று யாராவது வம்புக்கு வருவார்கள்.

சாயங்காலம் படகு கரையில் நின்றதும் ஏழாம் நம்பர் சீட்டைக் கவிழ்த்துப் போட்டார்.

அவ்வளவுதான், உடம்பெல்லாம் எரிந்தது.

அடியில் குறுக்கே போகும் பட்டை மூன்றும் அறுந்திருந்தன. நைந்து அறுந்தால் நூல் நூலாகத் தொங்கும். இது கத்தி வைத்து அறுத்தது.

ராத்திரி பகல் படகு யார் கையில் இருக்கிறது? படகோட்டி கையில்! 'அடப்பாவி, இந்த வேலையைத் தன் ஆளு எவனுக்கோ பிடிச்சுக் கொடுக்கத்தான் என் வயித்துல அடிச்சிருக்கான்' என்று பல்லைக் கடித்தார். அறுந்த பட்டையில் ஒரு துண்டை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சாட்சி வேண்டுமே. சீட்டைச் சரிசெய்யாமல் பழையபடி நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை படகில் கண்ணை மூடவே இல்லை. படகோட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இரண்டாம் துறையிலேயே படகு நிரம்பிவிட்டது. ஏறினவர்கள் ஏழாம் நம்பர் சீட்டை அழுத்திப் பார்த்தார்கள். குஷன்காரரைத் திட்டினார்கள். உட்காராமல் நின்றுகொண்டார்கள்.

மூன்றாம் துறையில் ஒரு பெண் ஏறினாள். அவருடைய தங்கை வயதுதான் இருக்கும். முழங்கையில் கட்டு, கையில் ஆஸ்பத்திரி ஃபைல். ஒரு படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள்.

படகோட்டி எழுந்து வந்தான். தன் ஸ்டூலுக்கு அடியிலிருந்து ஒரு பலகையை உருவி, ஏழாம் நம்பர் சீட்டைத் தூக்கி அடியில் செருகினான். அளவெடுத்து அறுத்த பலகை.

"உக்காருங்கக்கா."

"இன்னைக்கும் காலியாத்தான் இருக்கு பாரு தம்பி. என் அதிர்ஷ்டம்!" என்று சிரித்தபடி உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரித் துறையில் அவள் இறங்கினதும் பலகை மறுபடி ஸ்டூலுக்கு அடியில் போனது.

கடைசித் துறையில் எல்லோரும் இறங்கும் வரை குஷன்காரர் காத்திருந்தார்.

"பட்டையை அறுத்தது நீதானே?"

"நான்தாண்ணே." அவன் மறைக்கவில்லை. "வாரத்துல மூணு நாள் டயாலிசிஸுக்குப் போறாங்க. நின்னுக்கிட்டு வந்து ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டாங்க. ஒரு சீட்டை ஒதுக்கி வைக்கலாமான்னு மேனேஜரைக் கேட்டேன். டிக்கெட் எடுத்தவங்க யாரு வேணா எங்க வேணா உக்காரலாம்னுட்டாரு. உங்க பேரு கெடுதுன்னு தெரியும்ணே. எனக்கு வேற வழி தெரியல."

"அட, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா! நாங்க என்ன மனுஷங்க இல்லையா? எழுந்து இடம் கொடுக்க மாட்டோமா?"

படகோட்டி அவர் பக்கம் திரும்பினான்.

"ரெண்டு மாசம் கேட்டேண்ணே. ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டேன். உங்க தோளைத் தொட்டுக்கூடக் கேட்டேன். நீங்க கண்ணைத் தொறக்கல."

குஷன்காரருக்கு அந்தக் கை ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் தூங்கவில்லை.

ஆபீஸில் மேனேஜர் தயாராக இருந்தார். கையெழுத்துப் போட வந்த படகோட்டி வாசலிலேயே நின்றுவிட்டான். குஷன்காரர் வாயைத் திறந்தால் அவன் வேலை அன்றோடு சரி.

"என்னய்யா, பிரிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன் சார்." சட்டைப்பைக்குள் போன கை அங்கேயே நின்றது.

"சீட்டோட இரும்புச் சட்டம் ஏதும் வளைஞ்சிருக்கா? அப்படின்னா சொல்லு, உன்மேல தப்பில்ல. அந்த சீட்டையே பேத்து எறிஞ்சுட்டு கெட்டியா பிளாஸ்டிக் சீட்டா மாட்டிடறேன். ஜென்மத்துக்கும் குழி விழாது, யாரு வேணா உக்காரலாம்."

குஷன்காரர் வாசல் பக்கம் பார்த்தார். படகோட்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"சட்டமெல்லாம் நல்லா கெட்டியாத்தான் இருக்கு சார்," என்றார் குஷன்காரர். "என் வேலைதான் மட்டம்."