நகப்பூச்சுக் கோடு

இன்ஜினின் வேகத்தைக் காட்டும் மீட்டரில், மூவாயிரத்துக்கு நேரே கண்ணாடிமேல் அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டது தணிகாசலம்தான். மனைவி பூரணியின் நகப்பூச்சை எடுத்துப் போட்டார். "வயசான வண்டி. முள்ளு இதைத் தாண்டுச்சுன்னா இன்ஜின் கையை விரிச்சிரும்" என்றார். அதன்பின் அவள் ஓட்டும்போதெல்லாம் அவருக்கு மீட்டரைப் பார்க்கக்கூடத் தேவைப்படவில்லை. பக்கத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார். உறுமல் கொஞ்சம் ஏறினால் போதும், "கியரை மாத்தும்மா, அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்பார். கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் நாலு தடவையாவது சொல்லிவிடுவார். ஒருநாள் பாதி வழியில் வண்டியை நிறுத்தி, "நீங்களே ஓட்டுங்க" என்று சாவியை அவர் மடியில் போட்டிருக்கிறாள்.

இன்று அவர் நெஞ்சில் கையை வைத்தபடி பின்சீட்டில் கண்ணை மூடிக் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் பாலம் ஏறி இறங்க வேண்டும். ஏற்றத்தில் முன்னால் ஊர்ந்த லாரியை முந்த, மூன்றாவது கியரிலேயே வைத்து மிதித்தாள். முள் கோட்டைத் தொட்டது, தாண்டியது. வண்டி அலறியது. பின்னாலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை.

லாரி பின்தங்கிவிட்டது. இறக்கமும் வந்துவிட்டது. இனி நான்காவதுக்கு மாற்றலாம். பூரணி கியர்மேல் வைத்த கையை எடுத்துவிட்டாள்.

"ஏங்க, கோட்டைத் தாண்டி ரொம்ப நேரமாச்சு" என்றாள். காலை இன்னும் அழுத்தினாள்.